லிச்சிக் கண்ணும் சோளக்கொல்லைத் தாத்தாவும்: பிள்ளைகளைப் பயமுறுத்துவது விளையாட்டா?

நிலவறைப்பிள்ளை (ஸ்கார்பரோ):
எனக்கு நாற்பது வயதாகிறது. இன்றும் உரித்த லிச்சிப் பழம் விரலில் பட்டால் முதுகு சில்லிடுகிறது. காரணம் அப்பா. பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் நாளான ஒவ்வோர் அக்டோபர் 31 இரவும் நிலவறை விளக்கை அணைத்துவிட்டு, கறுப்புத் துணி போர்த்திய அட்டைப்பெட்டியை நடுவில் வைப்பார். துணியில் ஓர் ஓட்டை. வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கையை விட வேண்டும். "இது செத்தவனின் கண்" என்பார், டின் லிச்சி. "இது குடல்" என்பார். வகுப்புத் தோழர்கள் வீட்டில் அதற்கு ஆறிய ஸ்பாகெட்டி. எங்களுக்கு முதல்நாள் மிஞ்சிய இடியப்பம், எண்ணெய் தடவிக் குளிரவைத்தது. தங்கை வீடு அதிர அலறுவாள். அலறிவிட்டு வரிசையின் கடைசியில் போய் மறுபடி நிற்பாள். இதை என் பிள்ளைகளுக்குச் செய்யலாம் என்றால், "வதைக்காதீர்கள்" என்கிறாள் மனைவி. உங்கள் வீடுகளில் எப்படி?

நீலவேணி (ஓஹாயோ):
நான் உங்கள் மனைவி பக்கம். என் மாமனார் இந்த ஊர்க்காரர். வைக்கோல் திணித்த சட்டையும் முகத்தில் சாக்குத்துணியுமாக, மடியில் மிட்டாய்க் கிண்ணத்தோடு, முன்வாசல் நாற்காலியில் சோளக்கொல்லைப் பொம்மையாக அசையாமல் உட்கார்ந்திருப்பார். பிள்ளை மிட்டாய் எடுக்கும்போது மணிக்கட்டை 'லபக்' என்று பிடிப்பார். முப்பது வருட வழக்கமாம். என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டான். டைனோசர் உடையின் வால் நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற நான்கு பெரியவர்கள் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.

டர்னிப்தாசன் (டப்ளின்):
அம்மா, பயத்தை எடுத்துவிட்டால் ஹாலோவீனில் மிஞ்சுவது மிட்டாய் வசூல்தான். அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் 'சௌவின்' இரவில், செத்தவர்கள் நடமாடுவார்கள் என்று நம்பிய மண் இது. பூசணி விளக்கெல்லாம் அமெரிக்கா போன பிறகு வந்தது. இங்கே டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். அயர்லாந்தின் மேயோவில் உள்ள தேசிய அருங்காட்சியகக் கிளையில் டொனகால் பகுதி டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய கிழவன் முகம், பல் இளிப்பு. பார்த்துவிட்டு வந்த அன்று எனக்கே தூக்கம் வரவில்லை. உலர்திராட்சை ரொட்டியில்கூட இங்கே விதி ஒளிந்திருக்கும்: உள்ளே வைத்துச் சுட்ட மோதிரம் உங்கள் துண்டில் வந்தால் கல்யாணம், கந்தல் துணி வந்தால் வறுமை. சோறு ஊட்டப் பூச்சாண்டியைக் கூப்பிட்ட நாம் இதற்கு முகம் சுளிக்கலாமா?

நீலவேணி:
டர்னிப் யாருடைய மணிக்கட்டையும் பிடிப்பதில்லை, ஐயா. பூச்சாண்டி அழைப்பையும் நான் நியாயப்படுத்தவில்லை. "உன் மிட்டாயை எல்லாம் நானே தின்றுவிட்டேன்" என்று பிள்ளையிடம் பொய் சொல்லி, அது அழுவதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி 2011இல் அமெரிக்க நகைச்சுவைத் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கேட்டார். வருடா வருடம் படங்கள் குவிந்தன. இதில் எந்தச் செத்தவர் நடமாடுகிறார்?

ராத்திரிச்சோறு (நியூ ஜெர்சி):
எங்கள் வீட்டுப் பேய் அம்மாதான். கொண்டுவந்த மிட்டாயைச் சாப்பாட்டு மேசையில் கொட்டி, ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்து, பிளேடு இருக்கிறதா, ஊசி இருக்கிறதா என்று பார்ப்பார். உறை கொஞ்சம் கிழிந்திருந்தாலும் குப்பைக்கூடை. எனக்குப் பிடித்த கேரமல்தான் எப்போதும் கிழிந்திருக்கும்! ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல பத்தாண்டுச் செய்திகளைத் துருவியும், முகம் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் பிள்ளை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவமும் அகப்படவில்லை. 1974இல் டெக்சாஸில் எட்டு வயதுப் பையன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடி தின்று இறந்தான். கலந்தவர் சொந்த அப்பா, காப்பீட்டுப் பணத்துக்காக. பெட்டிக்குள் கை விடுவதைவிட அம்மாவின் அந்தச் சோதனைதான் எனக்குள் அந்நியர் பயத்தை விதைத்தது. இரண்டு பேரும் அதைப் பேசவே இல்லையே?

நிலவறைப்பிள்ளை:
அது தனி உரையாடல் திரிக்கே உரிய விஷயம், தம்பி. நீலவேணி அக்கா, ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். என் கடைசித் தம்பி பெட்டியருகே வரவே மாட்டான். அப்பா அவனை மாடிப்படியின் மேல்தட்டில் நிறுத்தி, விளக்கு ஸ்விட்சின் மேல் அவன் விரலை வைத்துவிடுவார். "போதும் என்று தோன்றினால் போடு" என்பார். பாதி வருடங்களில் 'குடல்' வருவதற்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். நாங்கள் அவனைத் திட்டுவோம், அப்பா திட்டியதில்லை.

நீலவேணி:
அந்த ஸ்விட்ச் எங்கள் வாசலில் இல்லை. அதைத்தானே சொல்கிறேன்.

டர்னிப்தாசன்:
ஸ்விட்ச் கொடுத்துப் பயமுறுத்துவது என்ன பயம்? மணிக்கட்டைப் பிடித்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன். வெறுமனே அசையாமல் உட்கார்ந்திருந்தாலே போதும். பார்க்கிற பிள்ளை மீதியைத் தானே செய்துகொள்ளும்.

நீலவேணி:
மாமனாரிடம் நீங்களே சொல்லுங்கள். இந்த முறை தாத்தா வீட்டுக்கு வரமாட்டேன் என்று மகன் சொல்லிவிட்டான். மிட்டாய் கேட்டு யாரும் வராதபடி எங்கள் வாசல் விளக்கையும் அணைத்துவைக்கப் போகிறோம்.