ஷோரூம் இன்சூரன்ஸ் ஏன் இவ்வளவு கூடுதல்?

கேள்வி: புது கார் புக் செய்திருக்கிறேன். ஷோரூமில் பிரீமியம் 52,000 ரூபாய். அதே ஐடிவி (காருக்குப் போடும் காப்பீட்டு மதிப்பு), அதே ஆட்-ஆன்களுக்கு (கூடுதல் பாதுகாப்புகள்) ஆன்லைனில் 36,000. வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் (ரிப்பேர் பில்லைக் கம்பெனியே நேரடியாக ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டுவது) கிடைக்காது என்கிறார் சேல்ஸ் தம்பி. நிஜமா?

பதில் 1: நான் பழைய ஏஜென்ட். மூன்றாம் நபர் பிரீமியம் (உங்கள் காரால் மற்றவருக்கு வரும் பாதிப்புக்கானது) அரசு நிர்ணயிப்பது, எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். விளையாட்டெல்லாம் சொந்தச் சேதப் பகுதியில், அதாவது உங்கள் காருக்கே வரும் சேதத்துக்கான பிரீமியத்தில். 2023 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ தனித்தனி கமிஷன் உச்சவரம்பை எடுத்துவிட்டு, கமிஷனும் சேர்ந்த நிர்வாகச் செலவுக்கு மொத்தமாக ஒரு வரம்பு வைத்தது. பொதுக் காப்பீட்டுக்கு அது மொத்த பிரீமியத்தில் 30 சதவீதம். கம்பெனிகள் போட்டி போடுவது உங்களைப் பிடிக்க இல்லை சார், கமிஷன் கொடுத்து டீலரைப் பிடிக்க!

பதில் 2: கேஷ்லெஸ் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஏற்பாடு. கம்பெனியின் பட்டியலில் உங்கள் ஒர்க்‌ஷாப் இருக்கிறதா பாருங்கள்.

கேட்டவர்: இருக்கிறது. ஆன்லைன் விலையைக் காட்டினேன், தம்பி உடனே 39,000-க்கு இறங்கிவிட்டார்.