அட்வான்ஸ் பிடித்தால் மட்டும் அநியாயமா?

அல்சூர்வாசி:
நல்லது கெட்டது என்று உலகில் எதுவும் இல்லை என்று போன வாரம் அடித்துப் பேசினார் நம் ஐயப்பாடு. நேற்று வீடு காலி செய்த கதையை எழுதியிருக்கிறார். பத்து மாத அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பெயிண்ட் செலவு என்று வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டாராம். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லையாம். “அநியாயம், பகல் கொள்ளை” என்று கொதிக்கிறார். நியாயமே இல்லாதபோது அநியாயம் எங்கிருந்து வந்தது, ஐயா?

ஐயப்பாடு:
வாய்ப்பழக்கம். கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் இடறி விழுந்தால் “முருகா” என்கிறார். தத்துவவாதி ஜே. எல். மேக்கி 1977-இல் எழுதியதுதான் என் நிலை: அறப்பேச்சு, நமக்கு வெளியே ஏதோ இருப்பதுபோலப் பேசுகிறது, அங்கே ஒன்றும் இல்லை. பணத்தைக் கேட்க எனக்கு அறம் வேண்டாம், ஒப்பந்தப் பத்திரம் போதும். அதில் பெயிண்ட் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அல்சூர்வாசி:
பத்திரத்தை அவர் ஏன் மதிக்க வேண்டும்? சரி, அதை விடுங்கள். ஆதாரம் இல்லாததை நம்பக் கூடாது என்பீர்கள். அந்தக் ‘கூடாது’ எந்தக் கடையில் வாங்கியது? மணிமேகலையில், உலகம் பூதங்களால் மட்டுமே ஆனது என்னும் பூதவாதி, கண்கூடாகக் கண்டதே அளவை, அதாவது அறியும் வழி, அனுமானம் செல்லாது என்கிறான். உன் தாய் தந்தையரை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை மடக்குகிறாள். உங்கள் கதையும் அதுதான். அறத்தை வெட்டிய கத்தி அறிவையும் வெட்டுகிறது.

ஐயப்பாடு:
வெட்டாது. நம் பெங்களூரில் அல்சூரிலிருந்து மெஜஸ்டிக் போக ஊதா வழி மெட்ரோவில் ஏற வேண்டும். இந்த ‘வேண்டும்’ அறமா? போக விருப்பமில்லாதவரை அது கட்டாது. ஆதாரமும் அப்படித்தான், உண்மை தேவையென்றால் பார்க்கலாம். விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டும் ‘வேண்டும்’ ஒன்றைத்தான் மறுக்கிறேன்.

ஜெயநகர் வாசகி:
மெட்ரோ பதில் எனக்குப் பிடித்திருக்கிறது, தம்பி. ஆனால் ‘இல்லை’ என்பவர் வேறு, ‘தெரியவில்லை’ என்பவர் வேறு. பண்டைய கிரேக்க ஐயவாதி செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் இரண்டாம் வகை. தீர்ப்பை நிறுத்திவைத்து, பசித்தால் சாப்பிட்டு, ஊர் வழக்கப்படி நடந்தால் மனம் கலங்காது என்றார். நீங்களோ இரவு இரண்டு மணிக்கு நான்கு பத்தி எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன்: வீட்டுக்காரர் கணக்குத் தவறி ஒரு மாத வாடகையைக் கூடுதலாக அனுப்பியிருந்தால்?

ஐயப்பாடு:
திருப்பி அனுப்பியிருப்பேன், அக்கா. வைத்துக்கொண்டால் தூக்கம் வராது. தூக்கம் வராதது எதற்கும் ஆதாரமில்லை.

அல்சூர்வாசி:
வீட்டுக்காரர் நன்றாகத் தூங்குகிறார் போலிருக்கிறது.