யூஎஸ்பி போர்ட்டில் பென்டிரைவ் வருகிறது, பார்கோடு ஸ்கேனர் வரவில்லை. அவசரம்!

பெஞ்ச்_வாசி:
வணக்கம். எங்கள் பில்லிங் மெஷினில் பென்டிரைவ் செருகினால் உடனே மவுண்ட் ஆகிறது. பார்கோடு ஸ்கேனர் செருகினால் எதுவும் நடப்பதில்லை. கர்னலின் பதிவைக் காட்டும் டிமெசேஜில் ஒரு வரிகூட இல்லை. ஸ்கேனரில் கோளாறு இல்லை; லேப்டாப்பில் ஓடுகிறது, ராஸ்ப்பெர்ரி பை 4-இலும் ஓடுகிறது. ஏதாவது டிரைவர் சேர்க்க வேண்டுமா? வெள்ளிக்கிழமை டெமோ. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சால்டர்புகை:
எந்த போர்டு, எந்த சிப், எந்த கர்னல்?

ஐந்துவோல்ட்:
பவர்தான், சந்தேகமே வேண்டாம். ஸ்கேனரைச் செருகியபடியே போர்ட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 4.75-க்குக் கீழே இறங்கினால் கதை முடிந்தது. இந்த மாதிரி எத்தனையோ பார்த்தாயிற்று, கடைசியில் எல்லாம் பவரில்தான் வந்து நிற்கும்.

பெஞ்ச்_வாசி:
சிப் ஆல்வின்னர் எச்3. எங்கள் சொந்த போர்டு. பில்ட்ரூட்டில் கட்டிய லினக்ஸ், கர்னல் 5.10. ஸ்கேனரில் லைட் எரிகிறது.

கர்னல்_கிழவன்:
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது தம்பி. நாங்கள் இங்கே ஜோசியமா பார்க்கிறோம்? யூஎஸ்பி டிவைஸ்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி அவுட்புட், கர்னல் கான்ஃபிக்கில் உள்ள யூஎஸ்பி வரிகள், போர்டில் என்ன ஹார்டுவேர் இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் உள்ள யூஎஸ்பி நோடுகள். இவை இல்லாமல் இழை தொடங்காதீர்கள் என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.

பூட்லோடர்:
கீபோர்டு, மவுஸ் வகைக்கான யூஎஸ்பி எச்ஐடி டிரைவர் கர்னலில் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் ஸ்கேனர் கீபோர்டாக வராது.

சால்டர்புகை:
எச்ஐடி இல்லாவிட்டாலும் "நியூ ஃபுல்-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்" என்ற வரியாவது டிமெசேஜில் விழ வேண்டும். அதுவே இல்லை என்றால் கோளாறு அதற்கும் கீழே. சாதாரண கீபோர்டு, மவுஸ் ஏதாவது செருகிப் பார்த்தீர்களா?

பெஞ்ச்_வாசி:
கீபோர்டும் வரவில்லை, மவுஸும் வரவில்லை. ஹப் போட்டுச் செருகினால் மட்டும் எல்லாம் வருகிறது. ஆனால் மெஷினுக்குள் ஹப் வைக்க இடம் கிடையாது.

ஐந்துவோல்ட்:
நான் என்ன சொன்னேன்! ஹப்புக்குத் தனி அடாப்டர் இருக்கும். அதிலிருந்து பவர் கிடைப்பதால் வருகிறது. போர்ட்டின் பவர் லைனான விபஸின் ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

கர்னல்_கிழவன்:
ஹப் விஷயத்தை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு நீளம் வந்திருக்காது.

சால்டர்புகை:
ஐந்துவோல்ட் சார், அதை எளிதாகச் சோதித்துவிடலாம். ஹப்பின் அடாப்டரைக் கழற்றிவிட்டு ஸ்கேனரைச் செருகட்டும். அடாப்டர் இல்லாத ஹப் ஒரு போர்ட்டுக்கு 100 மில்லிஆம்ப்தான் தர வேண்டும், அதாவது நேரடியாகச் செருகுவதைவிடக் குறைவு. அப்போதும் ஸ்கேனர் வந்தால் பவர் காரணம் இல்லை.

என் சந்தேகம் வேறு. பென்டிரைவ் ஹை ஸ்பீட், 480 மெகாபிட். ஸ்கேனர் பெரும்பாலும் ஃபுல் ஸ்பீட், 12 மெகாபிட். கீபோர்டும் மவுஸும் பெரும்பாலும் லோ ஸ்பீட், 1.5 மெகாபிட். வேகம் குறைந்தவை மட்டும்தான் உங்களுக்கு வரவில்லை. எல்எஸ்யூஎஸ்பி போடுங்கள்.

பெஞ்ச்_வாசி:
அடாப்டரைக் கழற்றினேன். அப்போதும் ஸ்கேனர் வருகிறது.
எதுவும் செருகாதபோது எல்எஸ்யூஎஸ்பி:
பஸ் 001 டிவைஸ் 001: ஐடி 1டி6பி:0002
பஸ் 002 டிவைஸ் 001: ஐடி 1டி6பி:0002
கான்ஃபிக் எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் செய்தது. இமேஜ் சைஸைக் குறைக்க நிறைய எடுத்திருக்கிறார். யூஎஸ்பி ஹோஸ்ட் வரிகள் இவை:
கான்ஃபிக்_யூஎஸ்பி_இஎச்சிஐ_எச்சிடி=ஒய்
கான்ஃபிக்_யூஎஸ்பி_இஎச்சிஐ_எச்சிடி_பிளாட்ஃபார்ம்=ஒய்
# கான்ஃபிக்_யூஎஸ்பி_ஓஎச்சிஐ_எச்சிடி இஸ் நாட் செட்

சால்டர்புகை:
அந்தக் கடைசி வரிதான். 0002 என்பது 2.0 ரூட் ஹப் (கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் ஹப்), அதாவது யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலரான இஎச்சிஐ. பழைய யூஎஸ்பி 1.1 கன்ட்ரோலரான ஓஎச்சிஐ இருந்தால் 1டி6பி:0001 என்று 1.1 ரூட் ஹப்பும் பட்டியலில் வந்திருக்கும்.

இஎச்சிஐக்கு ஹை ஸ்பீட் மட்டுமே தெரியும். செருகிய டிவைஸ் ஹை ஸ்பீட் இல்லை என்று தெரிந்ததும், போர்ட் ஓனர் பிட்டைப் போட்டு அந்தப் போர்ட்டைப் பக்கத்தில் இருக்கும் கம்பேனியன் கன்ட்ரோலரிடம் ஒப்படைத்துவிடும். எச்3-இல் அந்தக் கம்பேனியன் ஓஎச்சிஐ. உங்கள் கர்னலில் அதற்கு டிரைவரே இல்லை, ஒப்படைத்த போர்ட்டைக் கவனிக்க ஆள் இல்லை. இஎச்சிஐ தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டதால் எரர் எதுவும் வராது. கர்னலின் விரிவான பதிவுக்கான டைனமிக் டீபக்கை ஆன் செய்தால் "போர்ட் 1 ஃபுல் ஸ்பீட் --> கம்பேனியன்" என்ற வரி தெரியும்.

ஹப் போட்டால் வருவதற்குக் காரணம், ஹை ஸ்பீட் ஹப்புக்குள் டிரான்சாக்ஷன் டிரான்ஸ்லேட்டர் இருக்கிறது. கீழே உள்ள 12 மெகாபிட் பேச்சை அது 480-க்கு மாற்றி மேலே அனுப்பும். இஎச்சிஐ பார்ப்பது ஹப்பை மட்டும்தான்.

கர்னல் கான்ஃபிக்கை மாற்றும் மெனுகான்ஃபிக்கில் ஓஎச்சிஐ எச்சிடி, அதன் கீழே உள்ள பிளாட்ஃபார்ம் டிரைவர், இரண்டையும் ஒய் செய்யுங்கள்.

ரியல்டைம்_ராஜா:
இது தவறான தகவல். நாங்கள் ஐ.எம்எக்ஸ்6 போர்டில் ஓஎச்சிஐ இல்லாமல்தான் ஷிப் செய்கிறோம். கீபோர்டு, மவுஸ் எல்லாம் நேரடியாகச் செருகி வேலை செய்கிறது. இஎச்சிஐக்கு ஓஎச்சிஐ கட்டாயம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள்.

கர்னல்_கிழவன்:
ஐ.எம்எக்ஸ்6-இல் இருப்பது சிப்ஐடியா கன்ட்ரோலர். அதன் ரூட் ஹப்புக்குள்ளேயே டிரான்ஸ்லேட்டர் இருக்கிறது. அதற்காகவே கர்னலில் ரூட் ஹப் டிடி (டிடி என்றால் டிரான்சாக்ஷன் டிரான்ஸ்லேட்டர்) என்று தனி ஆப்ஷன் வைத்திருக்கிறார்கள். எச்3-இல் அது கிடையாது. சிப் எது என்று பார்க்காமல் "தவறான தகவல்" என்று எழுதுவதுதான் இங்கே பெரிய வியாதி.

ரியல்டைம்_ராஜா:
வியாதி என்றெல்லாம் பேச வேண்டாம் சார். அவர் "இஎச்சிஐக்கு ஹை ஸ்பீட் மட்டுமே தெரியும்" என்றார், அதற்குத்தான் பதில் சொன்னேன்.

சால்டர்புகை:
2002-இல் வந்த இஎச்சிஐ 1.0 ஸ்பெக்கின்படி நான் சொன்னது சரி. டிரான்ஸ்லேட்டரை உள்ளே வைப்பது சிப் செய்தவர்கள் பிறகு சேர்த்துக்கொண்டது. இரண்டு பேர் சொல்வதும் அவரவர் சிப்புக்குச் சரிதான், விடுங்கள்.

பூட்லோடர்:
கம்பேனியன் என்றால் இன்னொரு 1.1 கன்ட்ரோலரான யூஎச்சிஐயும் உண்டுதானே? அதையும் ஆன் செய்யச் சொல்லலாமே.

கர்னல்_கிழவன்:
யூஎச்சிஐ இன்டெல் கொண்டுவந்தது. ஓஎச்சிஐ காம்பேக், மைக்ரோசாஃப்ட், நேஷனல் செமிகண்டக்டர் சேர்ந்து கொண்டுவந்தது. ஏஆர்எம் சிப்களில் பெரும்பாலும் ஓஎச்சிஐதான் இருக்கும். எச்3-இல் இல்லாத ஹார்டுவேருக்கு டிரைவர் போட்டு என்ன செய்வது?

ரியல்டைம்_ராஜா:
யூஎஸ்பி 3 கன்ட்ரோலரான எக்ஸ்எச்சிஐ இருக்கும் சிப்பை எடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. எல்லா வேகத்தையும் ஒரே கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். அவருடைய ஸ்கேனர் பை 4-இல் ஓடுவதும் அதனால்தான்.

கர்னல்_கிழவன்:
வெள்ளிக்கிழமை டெமோவுக்கு இப்போது போய் சிப்பை மாற்றச் சொல்கிறீர்களா?

பெஞ்ச்_வாசி:
ஓஎச்சிஐ சேர்த்து பில்ட் போட்டேன். ஒரு போர்ட்டில் ஸ்கேனர் வந்துவிட்டது. இன்னொரு போர்ட்டில் இன்னும் இல்லை, பென்டிரைவ் மட்டும் வருகிறது.

சால்டர்புகை:
அப்படியானால் டிவைஸ் ட்ரீ. இஎச்சிஐ1, இஎச்சிஐ2 இரண்டும் ஓகேயில் இருக்கும், ஓஎச்சிஐ2 மட்டும் டிஸேபிள்டாக இருக்கும். எச்3 சிப்புக்குப் பொதுவான டிவைஸ் ட்ரீ ஃபைலான டிடிஎஸ்ஐயில் இவை எல்லாம் முதலில் டிஸேபிள்டுதான், போர்டு ஃபைலில் ஒவ்வொன்றாக நாம்தான் திறக்க வேண்டும். 1சி1சி400 என்ற முகவரியில் உள்ள நோடைப் பாருங்கள், ஸ்டேட்டஸ் "ஓகே" ஆக்குங்கள். போர்ட்டின் சிக்னல் சர்க்யூட்டான பிஎச்ஒய் நோடைத் தொடாதீர்கள், பென்டிரைவ் வருவதால் அது சரியாகத்தான் இருக்கிறது. கம்பைல் ஆன டிவைஸ் ட்ரீயான புது டிடிபி ஃபைல் பூட் பார்ட்டிஷனில் காப்பி ஆனதா என்றும் பாருங்கள். கர்னலை மட்டும் மாற்றிவிட்டுத் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

பெஞ்ச்_வாசி:
வந்துவிட்டது. நன்றி.

ஐந்துவோல்ட்:
நல்லது. இரண்டு போர்ட்டிலும் ஸ்கேனர் போட்டால் விபஸ் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து சொல்லுங்கள்.

பூட்லோடர்:
அவர் போய்விட்டார் சார்.