செட்டிநாட்டு அரங்கு: எதை அனுப்பலாம், எதை அனுப்ப முடியாது?

(ஒருவர் கேள்வி, மூவர் பதில். கல் தொட்டி, இரண்டாங்கட்டு, வளவுக்காரர் என்பவை பதில் சொல்பவர்களின் புனைபெயர்கள்.)

காரைக்குடி வரைவாளர்: வெளிநாட்டுக் கண்காட்சியில் ஆறு மாதம் நிற்க வேண்டிய 600 சதுர அடி அரங்கு. தரைக்கு 10 அங்குல ஆத்தங்குடிக் கல் (கண்ணாடி மேல் கையால் வார்க்கும் சிமென்ட் தரைக்கல்), வாசலுக்குப் பழைய தேக்கு நிலை (கதவுச் சட்டம்), சுவருக்கு முட்டைப் பூச்சு (வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு). முடிந்ததும் பிரித்துத் திருப்பி எடுத்து வரணும். எதெல்லாம் சரிவரும்?

கல் தொட்டி: 100 சதுர அடிக்கு 144 கல். உங்களுக்கு 864, உடைசலுக்கும் சேர்த்து 950 வாங்குங்க. எடை இரண்டரை டன்னை ஒட்டி வரும், அரங்குத் தரை தாங்குமான்னு முதலில் கேளுங்க. சிமென்ட் போட்டுப் பதித்தால் முழுசாகப் பெயராது. சலித்த மணலை ஓர் அங்குலம் பரப்பி அதன் மேல் அடுக்கி, ஓரத்தில் மரச்சட்டம் கொடுங்க. கைவேலை, கனம் கல்லுக்குக் கல் மாறும். மணல்தான் அதைச் சமன் செய்யும். அனுப்பப் பெட்டியில் கட்டும்போது கல்லைப் படுக்கப் போடாதீங்க. நிறுத்தி, முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் காகிதம். பளபளப்பு வார்க்கும் கண்ணாடியிலிருந்து வருவது, சாய அடுக்கோ மெல்லிசு. மெஷின் பாலிஷும் ஆசிட்டும் கூடவே கூடாது, தேங்காயெண்ணெய்த் துணி போதும்.

இரண்டாங்கட்டு: வாசல் நிலைதான் வில்லங்கம். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வயது கடந்த செதுக்கு மரத்தைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வயது குறைவென்றாலும், தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்று இல்லாமல் போனால் சுங்கத்தில் நிற்கும். புதிதாகச் செதுக்கக் கொடுங்கண்ணே. சாமான் கட்டும் பெட்டியின் மரம், பூச்சி ஒழிய, உள்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி முத்திரை குத்தியதாக இருக்கட்டும். திரும்பி வரும் சாமானுக்கு ஏடிஏ கார்னெட் (தற்காலிகமாகக் கொண்டுபோகும் சாமானை வரியில்லாமல் விடும் சுங்க ஆவணம்) எடுக்கலாம், ஓராண்டு செல்லும்.

வளவுக்காரர்: செதுக்கு வாசல்தான் இந்தியா என்ற பழக்கம் பழசு. 1886 லண்டன் கண்காட்சியில் நின்ற குவாலியர் கல்வாசல், ஆங்கிலேய அதிகாரி மேற்பார்வையில் செய்தது. 2000 ஹனோவர் உலகக் கண்காட்சியில் சுவிட்சர்லாந்து அரங்கு அலங்காரத்தையே தொடவில்லை: உலராத பச்சை மரச்சட்டங்களை ஆணியும் பசையும் இல்லாமல் அடுக்கி, எஃகுக் கம்பியால் இறுக்கி நிறுத்தி, முடிந்ததும் மரத்தை விற்றது. நம் வீட்டிலோ தேக்கு பர்மா, சலவைக்கல் இத்தாலி. நமக்கே உரியது திண்ணை, முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய கட்டும்) என்ற வரிசையும், தலைவாசலில் நின்றால் பின்கட்டு வரை நேராகத் தெரியும் பார்வையும். நடுவில் 10க்கு 12 அடி வானம் திறந்து விடுங்க. எல்லாத்தையும் திணித்தால் ஓட்டல் வரவேற்பறைதான் மிஞ்சும்!

காரைக்குடி வரைவாளர்: நிலை புதுசுதான். முட்டைப் பூச்சு?

கல் தொட்டி: சுவர் முழுக்க வேண்டாம். சுண்ணாம்பு ஒவ்வொரு பூச்சாக இறுகணும், வெள்ளைக்கரு கடைசிப் பூச்சில்தான் சேரும், பிறகு கூழாங்கல் தேய்ப்பு. அவசரப்பட்டால் விரிசல் விடும். ஒட்டுப்பலகை மேல் பூசினால், பலகை அசைய அசைய விரிசல் ஓடும். செங்கல்லில் 2 அடிக்கு 2 அடித் துண்டு ஒன்றை அங்கேயே பூசி, தொட்டுப் பார்க்க விடுங்க. அது மட்டும் திரும்பி வராது, கார்னெட்டில் சேர்க்காதீங்க.