புதுப்பிப்பு: காரைக்குடி மறைக்கல்வி வகுப்பு, ஓரியூர் போய் வந்த பிறகு

உறுதிபூசுதல் என்ற அருட்சாதனம் முடிந்ததும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் ஞாயிறு மறைக்கல்விக்கு (கத்தோலிக்க சமய வகுப்புக்கு) வருவதில்லை, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். "வெளியே கூட்டிப் போங்க, ஓரியூர் பக்கம்தானே" என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். இயேசு சபைக் குரு புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) கொல்லப்பட்ட ஊர் அது. தேவகோட்டை வழியாகப் போய் வந்தோம்.

அவர் இரத்தத்தால் சிவந்ததாக நம்பப்படும் செம்மண்ணைப் பார்த்ததும் பிள்ளைகள் படம் எடுக்கச் செல்போனை எடுத்தார்கள். சரி, எதிர்பார்த்ததுதான். பேச்சு சூடுபிடித்தது தடியத்தேவன் கதையில். பல மனைவியர் கொண்ட மறவர் தலைவர் அவர். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறுவதற்காக ஒரே மனைவியோடு வாழ முடிவெடுத்தார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். அதனால் மன்னருக்கு வந்த கோபம்தான் 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தரின் உயிரை வாங்கியது.

"அப்போ அந்தப் பெண்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள் ஒரு மாணவி. வினா விடைப் புத்தகத்தில் வராத கேள்வி. பங்குத்தந்தை மழுப்பவில்லை, வேனில் திரும்பும்வரை பேச்சு ஓடியது.

அப்புறம், வகுப்பை மாலைக்கு மாற்றிவிட்டோம். காலையில் நீட் டியூஷனோடு போட்டி போட முடியாது. எல்லோரும் திரும்பி வரவில்லை. வருகிறவர்கள் அடுத்து தேவசகாயம் பற்றிக் கேட்கிறார்கள். 2022இல் புனிதர் பட்டம் பெற்றவர், குருவோ துறவியோ இல்லை, குடும்பஸ்தர். அதுதான் ஈர்க்கிறது என நினைக்கிறேன். அவர் கொல்லப்பட்ட ஆரல்வாய்மொழிக்கு வேன் பிடித்துப் போனவர்கள் செலவைச் சொல்லுங்களேன்.