கோலியாக் நிஷ்களங்க மகாதேவ்: மாலை வற்றத்தில் போனவர்கள் எழுதுங்கள்

நெய்தல்நிலவன்:
குஜராத்தில் பாவ்நகர் அருகே, கோலியாக் கடலுக்குள் இருக்கும் இந்தச் சிவன் கோயிலுக்கு வற்றத்தில், அதாவது கடல் நீர் உள்வாங்கிய பிறகே போக முடியும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்பதால் வழி விவரங்களை விட்டுவிடுகிறேன். சேற்றிலும் கல்லிலுமாக ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்து மேடையை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஐந்து லிங்கங்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு நந்தி. லிங்கத்தின் அடியில் கடல் விட்டுப்போன வண்டலை ஒரு பெண்மணி கையாலேயே வழித்தெடுத்துவிட்டு, அதன் பிறகே பால் ஊற்றினார். ஆனால் என் நினைவில் நிற்பவர் வேறொருவர். சிவப்புத் துணியால் வாய் கட்டிய மண் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் கரைக்குத் திரும்பத் தொடங்கிய வேளையில், ஒரு பெரியவர் மேடை விளிம்பில் கடலைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். என் தம்பி இந்தியில் விசாரித்ததற்கு, "தண்ணீர் வரட்டும்" என்று மட்டும் சொன்னார். நாங்கள் கரையேறிப் பார்த்தபோது கொடிமரம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. அவர் எப்படித் திரும்பியிருப்பார் என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை. இருட்டும் நேரத்தில் அங்கே யாரையும் அனுமதிக்கவே கூடாது.

பாவ்நகர் மருமகன்:
அனுமதிக்கக் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குருட்சேத்திரப் போருக்குப் பின் பாண்டவர்களின் பாவம் நீங்கிய இடம் என்று நம்பித்தான் மக்கள் அஸ்தியோடு அங்கே வருகிறார்கள், அதைக் கரைப்பதற்குக் கடல் நீர் திரும்பி வரும் ஏற்றம் தொடங்கும்வரை காத்திருக்கத்தானே வேண்டும்? என் மாமனாரின் அஸ்தியை நாங்களும் அப்படித்தான் கரைத்தோம். அலை எதுவும் எழவில்லை. காலடிப் பள்ளங்கள் மெல்ல நிரம்பின, அவ்வளவுதான். சாம்பல் கடலுக்குள் போகாமல், ஏறிவரும் நீரோடு கரையை நோக்கி நகர்ந்தது. என் மனைவி அதன் கூடவே நடந்து வந்தார். அந்தப் பெரியவர் உள்ளூர்க்காரராக இருந்தால் அவருக்கு நேரம் தெரிந்திருக்கும்.

கடலோடி மகன்:
உள்ளூர்க்காரருக்குத் தெரியும், சரி. இதைப் படித்துவிட்டுப் போகிறவருக்குத் தெரியாதே. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான். கோலியாக் இருக்கும் காம்பத் வளைகுடா உள்ளே போகப்போகக் குறுகுவதால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி பாவ்நகர்ப் பக்கம் அந்த வேறுபாடு 10 மீட்டரையும் தாண்டும். தரை தட்டையாக இருப்பதால் நீர் முன்னால் மட்டும் வராது, பக்கத்து ஓடைகள் வழியாக முதுகுப்புறமும் சூழ்ந்துவிடும். வற்றம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்றுப் போனவர் சொன்ன நேரத்தை நம்பாமல், அன்றைய நேரத்தை மீனவரிடம் கேளுங்கள். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் கடல் அவ்வளவு தூரம் உள்வாங்காது. இன்னொன்று, கோலியாக் கிழக்கு நோக்கிய கரை. அங்கே சூரியன் ஊருக்குப் பின்னால்தான் மறையும். கடலில் மறைவதைக் காண விரும்புவோர் வளைகுடாவின் எதிர்க்கரையில், பரூச் மாவட்டத்துக் காவி கம்போய்க்குப் போகலாம். தாரகாசுரனை வதைத்தபின் நம் முருகன் நிறுவியதாகச் சொல்லப்படும் ஸ்தம்பேஸ்வரர் லிங்கம் நாள்தோறும் இருமுறை மூழ்கி எழுவது அங்கேதான். நான் பார்த்த மாலையில் நீர் லிங்கத்தின் தலையை மூடும்வரை யாரும் நகரவில்லை. கோலியாக்கில் செருப்பைக் கரையிலேயே விட்டுவிடுங்கள், சேறு அதை விடாது. கல்லில் சிப்பி ஒட்டியிருக்கும் என்பதால் பார்த்துக் கால் வையுங்கள்.