பற்கல் வேண்டாம், பற்காரை இருக்கட்டும்

வணக்கம்.

ஹார்வர்டு மானிடவியல் துறையின் ஆய்வுச் செய்தியைத் தமிழாக்கும்போது 'டென்டல் கால்குலஸ்' (பல்லில் படிந்து கல் மாதிரி இறுகிப்போகும் படிவு) என்ற இடத்தில் மாட்டிக்கொண்டதாக ஐயா ஒருவர் எழுதியிருந்தார். 'பற்கல்' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. சிறுநீரகக் கல், பித்தக் கல் வரிசையில் இதுவும் ஒரு கல், லத்தீனில் கால்குலஸ் என்றாலே கூழாங்கல்தான், அதெல்லாம் சரி. ஆனால் 'நியாண்டர்தால் என்ற தொல்மனிதரின் பற்கல்லில் கிடைத்த பாக்டீரியா' என்று எழுதி அச்சுக்கு அனுப்பிப் பாருங்கள். பிழை திருத்துபவர் கண்ணை மூடிக்கொண்டு 'பற்களில்' என்று மாற்றிவிடுவார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. வாய்விட்டுப் படித்தால் இன்னும் மோசம். பல்லுக்கும் பல்லில் ஒட்டியதற்கும் வேறுபாடு காட்டத்தானே சொல் தேடுகிறோம்? அது ல/ள வேறுபாட்டில் தொங்கினால் எப்படி?

'காவி' என்று இன்னொருவர் சொன்னார். வெற்றிலை போடுகிறவர் பல்லில் ஏறுவது காவி, அது நிறம் மட்டும்தான். 'ஊத்தை'யும் ஆகாது, அது காலையில் பல் தேய்த்தால் போய்விடும்.

போன மாதம் பல் மருத்துவரிடம் போயிருந்தேன். கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம் கொக்கி மாதிரி ஒரு கருவியை வைத்து நெம்பினார், 'டிக்' என்று தட்டில் ஒரு சில்லு விழுந்தது. மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம், ஒரு பக்கம் பல்லின் வளைவு அப்படியே பதிந்திருந்தது. பழைய வீட்டுச் சுவரிலிருந்து பெயர்ந்து விழும் காரைத்துண்டுதான் நினைவுக்கு வந்தது. 'காரை நிறைய பிடிச்சிருக்குங்க' என்றார் அவரும். மக்கள் வாயில் சொல் ஏற்கெனவே இருக்கிறது, நாம் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை.

பொருளும் பொருந்துகிறது. பல்லில் படியும் மெல்லிய படலத்தில் எச்சிலிலுள்ள கால்சியம் பாஸ்பேட் இறங்கி இறுகுகிறது, அதன்மேல் அடுத்த படலம், மறுபடி இறுகல், பூச்சுக்குமேல் பூச்சு. இறுகும்போது கிருமி, மாவுத்துகள், தூசி எல்லாம் உள்ளே சிக்கிக்கொள்ளும். மானிடவியலாளர்களுக்கு இதில் இவ்வளவு ஆர்வம் அதனால்தான். ஜெர்மனியில் டால்ஹைம் என்ற இடத்துக் கன்னிமடத்தில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் பற்காரையைக் கரைத்தபோது நீலத் துகள்கள் வந்தன. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லசூலி கல்லின் நிறமி என்று 2019இல் கட்டுரை வெளியானது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பெண். ஏடுகளுக்கு ஓவியம் தீட்டும்போது தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்கியிருப்பார் என்பது ஆய்வாளர்களின் ஊகம். (நானும் ஊசியில் நூல் கோக்க அதைத்தான் செய்கிறேன்.) அந்த ஆய்வில் இருந்த கிறிஸ்டினா வாரின்னர்தான் இப்போது ஹார்வர்டு மானிடவியல் துறையில் இருக்கிறார். 2023இல் அவரும் ஜெர்மானிய ஆய்வாளர்களும் சேர்ந்து, ஒரு லட்சம் ஆண்டு வரை பழமையான பற்காரையிலிருந்து பாக்டீரியா மரபணுக்களை மீட்டு, அவற்றை இன்றைய பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அந்தப் பழங்கால மரபணுக்கள் தரும் வேதிப்பொருளையே உண்டாக்கிக் காட்டினார்கள். ஐயா மொழிபெயர்க்கும் செய்தியும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எதிர்வாதமும் நானே சொல்லிவிடுகிறேன். 'காரை' என்று தனியாக எழுதினால் வண்டியை நிறுத்தச் சொல்கிறோமா, செடியைச் சொல்கிறோமா என்ற குழப்பம் வரும். அதனால் எப்போதும் 'பற்காரை' என்றே முழுசாக எழுதுவோம், பழையதற்குத் 'தொல்பற்காரை'. இன்னொன்று, சிலர் 'பற்காறை' என்று வல்லின றகரம் போடுகிறார்கள். எலும்புக்கூட்டு அறிக்கையில் கழுத்தடியில் ஏற்கெனவே 'காறை எலும்பு' ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டும் வரும்போது இடையின ரகரம்தான் நம்மைக் காப்பாற்றும்.

இறுகுவதற்கு முந்தைய நிலைக்கு, அதாவது 'பிளேக்' என்பதற்கு, நான் 'பற்படலம்' என்று வைத்திருக்கிறேன். 'பற்பாசி' காதுக்கு நன்றாக இருந்தாலும் பாசி என்றதும் பச்சையாக ஏதோ வளர்ந்தது போலத் தோன்றுகிறது. பல் மருத்துவம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், உங்கள் நோயாளிகளிடம் அதற்கு என்ன சொல்கிறீர்கள்?